குணமாகாவிட்டாலும் கவனிக்கலாம்



காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிக்கிறோம். டீ குடிக்கிறோம். பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். பக்கத்து வீட்டாரிடம் சிரித்துப் பேசுகிறோம். எச்சில் விழுங்குகிறோம். மூச்சு விடுகிறோம்.

இவை எல்லாம் வாயும் தொண்டையும் சேர்ந்து செய்யும் வேலைகள். இவற்றை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில் புற்றுநோய் வந்து முற்றிவிட்டால் என்ன ஆகும்? சாப்பிடுவது கஷ்டம். பேசுவது கஷ்டம். மூச்சு விடுவது கஷ்டம். நாலு பேருக்கு முன் முகம் காட்டுவதும் கஷ்டம். நோயாளியின் வாழ்க்கை மாறிவிடுகிறது. கூட இருந்து கவனிப்பவரின் வாழ்க்கையும் மாறிவிடுகிறது.

இந்தப் பாடம் அந்த இருவரைப் பற்றியது.

நோய் எப்படி வருகிறது?

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் 1 லட்சத்து 40 ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது.

புகையிலை மெல்லுவது, பீடி, சிகரெட், குட்கா, பான் மசாலா, மது ஆகியவை முக்கியக் காரணங்கள். பாக்கு மட்டும் மென்றாலும் புற்றுநோய் வரலாம். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் இதை உறுதியாகச் சொன்னது. எந்தப் பழக்கமும் இல்லாத சிலருக்கும் இந்த நோய் வருவது உண்டு.

தொடக்கத்தில் பலருக்கு வலி இருக்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிப்போடுவார்கள். நாட்கள் ஓடிவிடும். நோய் முற்றிவிடும்.

முற்றிய நோய்க்கும் சிகிச்சை உண்டு. அறுவைச் சிகிச்சை செய்வார்கள். கதிர் சிகிச்சை கொடுப்பார்கள். இதைத்தான் ஜனங்கள் கரண்ட் வைப்பது என்று சொல்கிறார்கள். மருந்து ஏற்றுவார்கள். பலருக்கு இதனால் நோய் குணமாகிறது அல்லது கட்டுப்படுகிறது. சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. அப்போது டாக்டர், "இனி இதைக் குணப்படுத்த முடியாது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம்.

இதைக் கேட்டதும் குடும்பத்தார், "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நினைத்துவிடுகிறார்கள். இது சரியல்ல. குணப்படுத்துவது ஒரு வேலை. கவனிப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடியாமல் போனாலும் இரண்டாவது வேலை நிறையவே இருக்கிறது.

ஒரு வீடு

கேரள மாநிலத்தில் பாலக்காடு மாவட்டம் தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். இது ஒரே வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம்.

வீட்டுக்காரருக்கு வயது 62. அவரைப் பெரியவர் என்போம். சுமை தூக்கி வேலை செய்தவர். முப்பது வருடமாகப் புகையிலை மென்றவர். கன்னத்தில் புண் வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. கரண்டும் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து நோய் கன்னத்திலும் கழுத்திலும் திரும்ப வந்துவிட்டது.

வீட்டில் அவர் மனைவி, மகன், மருமகள், பேத்தி இருக்கிறார்கள். மனைவியை அம்மா என்போம். அம்மா வயல் வேலைக்குப் போனவர். இப்போது போவதில்லை. மகனுக்கு வெளியூரில் மில் வேலை. மருமகள் கூலி வேலைக்குப் போகிறார். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. இரண்டு மாதமாக அவளும் பள்ளிக்கூடம் போகவில்லை. பாட்டிக்குத் துணையாக வீட்டில் நிற்கிறாள்.

பெரியவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேத்தியைப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. பக்கத்து வீட்டார் வந்தால் பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். பிறகு அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் பஞ்சாயத்திலிருந்து நர்ஸ் வந்தார். ஊரார் அவரைச் சிஸ்டர் என்பார்கள். கூடவே ஊரைச் சேர்ந்த ஒரு தொண்டரும் வந்தார்.

சிஸ்டர் முதலில் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், பக்கத்துல உட்காராதீங்க. ஒட்டிக்கும்னு சொல்றாங்க" என்றார் அம்மா.

"ஒட்டாதும்மா. வாய்ப் புற்றுநோய் தொட்டா வராது. பக்கத்துல உட்கார்ந்தா வராது. பேத்தியை இங்கேயே உட்காரச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து பேத்தி தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

சாப்பாடு

"ஐயா எப்படிம்மா சாப்பிடுறாரு?"

"எங்க சிஸ்டர் சாப்பிடுறாரு? ரெண்டு வாய் கஞ்சி. அதுலயும் பாதி வெளியே வந்துடுது. சாப்பிடுங்கன்னா கோபம் வருது. தட்டைத் தள்ளிவிடுறாரு. எனக்கும் சாப்பிடத் தோணல."

பெரியவருக்கு வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. கரண்ட் வைத்ததால் எச்சில் ஊறுவது குறைந்துவிட்டது. புண்ணில் காரம் பட்டால் எரிகிறது. விழுங்கினால் புரையேறுகிறது. அவர் தட்டைத் தள்ளுவது கோபத்தால் மட்டும் அல்ல. பயமும் உண்டு.

விழுங்க முடிகிறவர்களுக்கு இப்படிச் செய்யலாம்.

• நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது.
• காரம், புளிப்பு, அதிகச் சூடு வேண்டாம்.
• கேழ்வரகுக் கூழ், நன்றாகக் குழைந்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், தயிர் போன்றவை நல்லது.
• சிறிய கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய்.
• ஒரே வேளையில் நிறையக் கொடுப்பதைவிட, இரண்டு மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொடுப்பது நல்லது.
• சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டால் போதும்.

விழுங்கவே முடியாதவர்களுக்கு டாக்டர் மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போடுவார். சிலருக்கு நேராக வயிற்றில் குழாய் வைப்பார்கள். பெரியவருக்கு மூக்குக் குழாய் போட்டார்கள். சிஸ்டர் அம்மாவுக்கும் மருமகளுக்கும் அதைப் பழக்கிக் கொடுத்தார்.

• முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.
• நோயாளியின் தலையும் முதுகும் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பின்னும் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும்.
• கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் எதுவானாலும் வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.
• ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவு. மெதுவாக இறங்க வேண்டும்.
• முன்பும் பின்பும் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் விட வேண்டும்.
• இருமல் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்த வேண்டும்.
• குழாய் வெளியே வந்துவிட்டால் நாமே உள்ளே தள்ளக் கூடாது. நர்ஸை அழைக்க வேண்டும்.

குழாய் போட்ட பிறகு ஒரு சண்டை நின்றது. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்ற சண்டை அது. ஆனால் ஒரு துக்கமும் வந்தது. வீட்டில் குழம்பு கொதிக்கும். பெரியவர் வாசனை பிடிப்பார். சாப்பிட முடியாது. மற்றவர்கள் அவர் எதிரில் சாப்பிடக் கூச்சப்பட்டுத் தனித்தனியே சமையல் அறையில் நின்று சாப்பிட்டார்கள்.

சிஸ்டர் அவரிடமே கேட்டார். "ஐயா, அவங்க இங்க உட்கார்ந்து சாப்பிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?" பெரியவர் இல்லை என்று தலை அசைத்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

இதில் ஒரு விஷயம் உண்டு. நோயாளிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அவரைக் கேட்பதில்லை. கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். கடைசி நாட்களில் உடம்புக்கு உணவு வேண்டியிருக்காது. அப்போது வற்புறுத்திக் கொடுத்தால் கஷ்டம்தான் கூடும். வாயை ஈரத் துணியால் நனைத்துவிட்டாலே போதும். அதுவும் கவனிப்புதான்.

பேச்சு

கன்னத்திலும் நாக்கிலும் நோய் இருந்தால் பேச்சு குழறும். சிலருக்கு மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். அவர்களுக்குக் குரலே வராமல் போகலாம்.

பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று சிலர் நினைக்கிறார்கள். சத்தமாகக் கத்துகிறார்கள். அல்லது அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். இது அவர்களை மிகவும் புண்படுத்தும். அவர்களுக்கு எல்லாம் கேட்கிறது. எல்லாம் புரிகிறது.

பேத்தி தன் பழைய சிலேட்டைத் தாத்தாவுக்குக் கொடுத்தாள். பெரியவருக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டி எழுதுவார். "தண்ணி", "வலி", "ஜன்னல்" என்று எழுதுவார். அம்மா எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். அதைப் படித்துவிடுவார்.

எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு அட்டையில் படம் வரைந்து வைக்கலாம். டம்ளர், கட்டில், மாத்திரை, மின்விசிறி, கழிப்பறை என்று ஐந்தாறு படம் போதும். அவர் விரலால் காட்டுவார். இரவில் கூப்பிடுவதற்கு ஒரு சிறிய மணியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

அவர் எழுதி முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நாமே வார்த்தையை முடித்துவிடக் கூடாது.

புண்ணும் வாடையும்

நோய் முற்றினால் கன்னத்திலோ கழுத்திலோ புண் வெடித்து வெளியே தெரியலாம். சீழ் வரும். வாடை வரும். நோயாளி வெட்கப்பட்டு ஒதுங்குவதற்கு இதுதான் பெரிய காரணம். வீட்டாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

வாடைக்கு வழி உண்டு. இதற்கு மருந்து இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. டாக்டரோ நர்ஸோ சொல்லித் தருவார்கள். தினமும் புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். அந்தத் தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது. பழைய பருத்திச் சேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, துவைத்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்தால் கட்டுவதற்குத் துணி தயார்.

ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈ உட்கார்ந்தால் புண்ணில் புழு வைக்கலாம். அப்படி வந்துவிட்டால் வெட்கப்பட வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். நர்ஸிடம் உடனே சொன்னால் எடுத்துவிடுவார்.

சில சமயம் புண்ணிலிருந்து ரத்தம் வரும். சிஸ்டர் அம்மாவிடம் கருஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு துண்டுகள் வாங்கிவைக்கச் சொன்னார். ரத்தம் வந்தால் அந்தத் துண்டை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நர்ஸை உடனே அழைக்க வேண்டும். வெள்ளைத் துண்டில் கொஞ்ச ரத்தமும் நிறையவாகத் தெரியும். நோயாளி பயந்துவிடுவார். சிவப்புத் துண்டில் அவ்வளவு தெரியாது.

வலி

பெரியவர் இரவில் தூங்குவதில்லை. கழுத்தும் காதும் தாடையும் வலிக்கும். அம்மாவும் தூங்குவதில்லை. "அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். விடிஞ்சிடாதான்னு இருக்கும்" என்றார்.

டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகன் பயந்தான். "அது போதை மருந்தாச்சே. அப்பா அதுக்கு அடிமை ஆயிட்டா?" என்று கேட்டான்.

இந்தப் பயம் பலருக்கும் உண்டு. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கும் மருந்து. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அனுமதியுடன் விவசாயிகள் அபினிச் செடியைப் பயிரிடுகிறார்கள். ஆனால் நம் நாட்டு நோயாளிகளுக்கே அந்த மருந்து கிடைக்காத நிலை இருந்தது. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. தவறான வழியில் மருந்து போய்விடக் கூடாது என்பதற்காக அனுமதி முறைகள் கடுமையாயின. பல மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி பெறும் முறை எளிதாக்கப்பட்டது.

வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டால் மார்ஃபினுக்கு அடிமை ஆவது அரிது. சிஸ்டர் சொன்னவை இவை.

• சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பெரும்பாலும் நாலு மணிக்கு ஒரு முறை தருவார்கள். டாக்டர் சொன்ன நேரப்படி கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
• இந்த மருந்தால் மலச்சிக்கல் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.
• முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம், குமட்டல் இருக்கலாம். அதிகமானால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
• நாமாகக் கூட்டவோ குறைக்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது.
• சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. குழாயில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
• பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அம்மா ஒரு நோட்டில் கோடு போட்டார். தேதி, மணி, மருந்து, வலி எப்படி என்று நாலு கட்டம். கொடுத்ததும் எழுதுவார். சிஸ்டர் வரும்போது அந்த நோட்டைப் பார்ப்பார். "நீங்க எழுதி வைக்கிறதுனாலதான் டாக்டரால சரியான அளவு சொல்ல முடியுது" என்றார். சில நாட்களில் பெரியவர் தூங்க ஆரம்பித்தார். அம்மாவும் தூங்கினார்.

சொல்வதா, மறைப்பதா?

நோய் திரும்பி வந்ததைப் பெரியவரிடம் யாரும் சொல்லவில்லை. "சொன்னா மனசு உடைஞ்சிடுவாரு" என்று மகன் தடுத்துவிட்டான். எல்லோரும் "சரியாயிடும்" என்றே சொல்லிவந்தார்கள்.

ஒரு நாள் மகன் ஒரு செய்தியோடு வந்தான். வெளியூரில் ஒருவர் புற்றுநோய்க்கு மருந்து தருகிறாராம். இரண்டு லட்சம் கேட்கிறாராம். அரை ஏக்கர் நிலத்தை விற்றுவிடலாம் என்றான்.

கட்டிலிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. பெரியவர் சிலேட்டை நீட்டினார். அதில் எழுதியிருந்தது: "எனக்குத் தெரியும். கடன் எவ்வளவு?"

மகன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கடன் கணக்கைச் சொன்னான். பெரியவர் அழித்துவிட்டு எழுதினார்: "நிலம் வேண்டாம். புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பு."

மறைப்பது அன்பால்தான். ஆனால் நோயாளிக்குத் தன் உடம்பு தெரியும். எல்லோரும் மறைத்தால் அவர் தனியாகிவிடுவார். யாருக்குக் கடன் தர வேண்டும், பத்திரம் எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க ஆசை, இதை எல்லாம் சொல்ல அவருக்கு நேரம் வேண்டும். அதற்காக அவர் கேட்காததை எல்லாம் திணிக்க வேண்டாம். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு உண்மையைச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் டாக்டரையோ நர்ஸையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முற்றிய நோயில் "குணமாக்குவேன்" என்று பெரும்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் சிகிச்சை பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். நிலம் போனால் நோயாளிக்குப் பின் இருக்கும் குடும்பமும் விழுந்துவிடும்.

இன்னொன்று. "புகையிலை போட்டதால்தானே வந்தது" என்று நோயாளியைக் குத்திக்காட்ட வேண்டாம். அவர் மனதில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கவனிப்பவரை யார் கவனிப்பது?

அம்மாவின் ஒரு நாளைப் பார்ப்போம். நாலு மணிக்கு எழுகிறார். மருந்து கொடுக்கிறார். புண் கழுவுகிறார். துணி துவைக்கிறார். கஞ்சி காய்ச்சி வடிகட்டுகிறார். இரண்டு மணிக்கு ஒரு முறை குழாயில் கொடுக்கிறார். பெரியவரைத் தூக்கி உட்காரவைக்கிறார். முதுகு வலிக்கிறது. தன் சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுகிறார். வருமானம் நின்றுவிட்டது. கோயிலுக்கோ உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய் எட்டு மாதம் ஆகிறது.

ஒரு நாள் அம்மா சிஸ்டரிடம் அழுதார். "சில நேரம், இது முடிஞ்சா போதும்னு தோணுது. நான் பாவி."

"அப்படித் தோணாத ஆளே இல்லம்மா. அது பாவம் இல்ல. களைப்பு" என்றார் சிஸ்டர்.

அதன் பிறகு வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மாலை வேளை மருமகளுக்கு. மகன் வரும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனுக்கு. குழாயில் கஞ்சி கொடுக்கவும் அப்பாவுக்கு முகம் மழிக்கவும் மகன் கற்றுக்கொண்டான். வாரத்தில் இரண்டு மதியம் ஊர்த் தொண்டர் வந்து உட்காருவார். அந்த நேரத்தில் அம்மா தூங்குவார், அல்லது வெளியே போய்வருவார். பேத்தி பள்ளிக்கூடத்திற்குத் திரும்பினாள்.

கவனிப்பது பெண்களின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. ஆண்களும் செய்யலாம். செய்ய வேண்டும்.

கேரளத்தில் நடந்தது

பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறாரே, இது எப்படி வந்தது?

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு நகரில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் புதிதாக எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி. அது ஜனங்கள் சேர்ந்து செய்த வேலை.

அதே கோழிக்கோட்டில் 1993இல் இன்னொரு வேலை தொடங்கியது. டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணிப்பது அதன் வேலை. இதைத் தணிப்புச் சிகிச்சை என்கிறோம். பாலியேட்டிவ் சிகிச்சை என்றும் சொல்வார்கள்.

நோயாளிகளால் ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. அதனால் வீட்டுக்கே போனார்கள். ஊர் ஊராகத் தொண்டர்கள் சேர்ந்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், மாணவர், கூலிக்காரர் என்று பலரும் வந்தார்கள். வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள். சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினார்கள். 2008இல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு கொள்கையை வெளியிட்டது. பஞ்சாயத்துகள் நர்ஸை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின.

2012இல் மத்திய அரசும் நாடு முழுவதற்குமான தணிப்புச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் எல்லா மாநிலத்திலும் எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி கிடைப்பதில்லை. கேட்கிறவர்கள் அதிகமானால்தான் கிடைக்கும். உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

செலவுக்கு உதவிகள் சில உண்டு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்திற்கு ஒரு வருடத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு டாக்டரின் சான்றிதழ் வேண்டும்.

முன்பே பார்த்தால்

பெரியவர் நாலு மாதம் இருந்தார். வலி இல்லாமல் வீட்டிலேயே, பேத்தி பக்கத்தில் இருக்க, இறந்தார். நிலம் விற்கப்படவில்லை.

அவருக்கு முதலில் ஒரு சிறிய வெள்ளைத் திட்டுதான் வந்தது. அதைப் பார்த்தவுடன் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். நம் வீட்டில் யாருக்காவது கீழே உள்ள அறிகுறிகள் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

• இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப் புண்
• வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• வாய் முன்புபோலத் திறக்காமல் போவது
• கழுத்தில் கட்டி
• மாறாத குரல் கம்மல், விழுங்கும்போது வலி

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

கலந்து பேசுவோம்

1. "குணப்படுத்த முடியாது", "ஒன்றும் செய்ய முடியாது" – இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
2. பெரியவருக்குத் தனித் தட்டு வைத்தது ஏன்? அது சரியா?
3. மகன் நோயை மறைத்தது சரியா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?
4. நம் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களைக் கவனிப்பவர்கள் யார்? வாரத்தில் ஒரு மணி நேரம் நம்மால் கொடுக்க முடியுமா?

எழுதிப் பழகுவோம்

நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். தேதி, மணி, மருந்தின் பெயர், வலி எப்படி என்று தலைப்பு எழுதுங்கள். உங்கள் வீட்டில் யாராவது தினமும் மருந்து சாப்பிட்டால், இன்றைய வரியை எழுதுங்கள். நாளையும் எழுதுங்கள்.